சீட்டின் பின்பக்கம்

1789இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு திருச்சபையின் சொத்துகளைத் தேசத்தின் சொத்தாக அறிவித்தது. நிலமும் கட்டடமும் மட்டுமல்லாமல் மடங்களின் நூலகங்களும் அரசின் கைக்கு வந்தன. எந்த ஊரில் என்னென்ன நூல் இருக்கிறது என்று பாரிசுக்குத் தெரிய வேண்டும். ஊர் ஊராக உட்கார்ந்து எழுத ஒரே அளவிலான கெட்டித்தாள் வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைத்தது, சீட்டுக்கட்டு வடிவத்தில். அந்தக் காலத்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் படமோ கோடோ கிடையாது, வெறும் வெள்ளை.

1791இல் அரசு அனுப்பிய செயல்முறைக் குறிப்பு ஒரு நூலுக்கு ஒரு சீட்டு என்றது. பின்பக்கத்தில் தலைப்பை எழுதி, ஆசிரியர் பெயரை அடிக்கோடிட வேண்டும். ஆசிரியர் பெயர் இல்லையென்றால் தலைப்பில் முக்கியமான சொல்லை அடிக்கோடிட வேண்டும். பிறகு அகரவரிசையில் அடுக்கி, கீழ் இடது மூலையில் ஊசி நூலால் கோத்துப் பாரிசுக்கு அனுப்ப வேண்டும். நீளமான தலைப்புள்ள நூல்களுக்கு ஏஸும் இரண்டும் ஒதுக்கப்பட்டன, அவற்றின் முகப்பில் வெற்றிடம் அதிகம் என்பதால். 1794க்குள் ஏறக்குறைய 30 லட்சம் நூல்களைப் பற்றிய 12 லட்சம் சீட்டுகள் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தன. திட்டம் முழுமை பெறவில்லை. ஆனாலும் அந்தக் குறிப்பை நூலகர் கல்வியின் முதல் பாடப்புத்தகம் என்றே நான் கருதுகிறேன். நூலகம் பற்றி எதுவும் அறியாத ஊர் அலுவலரை நம்பி எழுதப்பட்டது அது. நூலைக் கண்ணால் பார்க்காத ஒருவருக்கு அந்த நூலை அடையாளம் தெரியவைப்பது எப்படி என்பதை அது கற்றுக்கொடுத்தது. நூலகரின் தேர்ச்சி என்பதன் வித்து அங்கே விழுந்தது.

அதற்குப் பிறகு சுமார் 220 ஆண்டுகள் அந்தச் சீட்டு, நூலட்டை என்ற பெயரில், உலகம் சுற்றியது. அதன் பயணத்தில் ஒன்று திரும்பத் திரும்ப நடந்தது. அட்டை எழுதுவது எளிதாகும்போதெல்லாம் நூலகரின் திறமைக்கு இனி வேலையில்லை என்று நினைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் திறமை வேறொரு இடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது.

தைத்த பேரேடுகளில் நூற்பட்டியல் எழுதிவந்த காலத்தில், புதிதாக வந்த நூலை இரண்டு வரிகளுக்கு நடுவே நுணுக்கி எழுதித் திணிக்க வேண்டியிருந்தது. அட்டையில் அந்தத் தொல்லை இல்லை, எந்த இடத்திலும் செருகலாம். ஆனால் வெகுகாலம் அட்டைகள் நூலகப் பணியாளர்களின் கையிலேயே இருந்தன. ஹார்வர்டில் எஸ்ரா அபட் 1861 வாக்கில் வாசகர்களே திறந்து பார்க்கும்படி இழுப்பறைகளை அமைத்தது பெரிய மாற்றம். அதுவரை பணியாளர் தமக்குப் புரிந்தால் போதும் என்று எழுதியிருக்கலாம். இழுப்பறை வாசகர் பக்கம் திரும்பிய பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் எந்தப் பெயரில், எந்தச் சொல்லில் தேடுவார் என்று ஊகித்து எழுத வேண்டியதாயிற்று.

அடுத்து மெல்வில் டூயி வருகிறார். 1876இல் தசமப் பகுப்பு முறையை வெளியிட்டார்; அதே ஆண்டு அமெரிக்க நூலகச் சங்கம் உருவாவதில் முன்னின்றார்; நூலகங்களுக்குத் தளவாடம் விற்கும் நிறுவனத்தையும் தொடங்கினார். 7.5க்கு 12.5 சென்டிமீட்டர் அட்டை உலகத்துக்கே பொது அளவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1887 ஜனவரியில் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் நூலகர்களுக்கென்று ஒரு பள்ளி திறந்தார். முதல் வகுப்பில் 20 மாணவர்கள், அவர்களில் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்க்காத கல்லூரி அது. அறங்காவலர்கள் வகுப்பறை தர மறுத்தார்கள். சிற்றாலயத்துக்கு மேலிருந்த சாமான் அறையைக் காலிசெய்து வகுப்பு நடத்தினார். இரண்டே ஆண்டில் பள்ளி ஆல்பனிக்கு இடம் மாற வேண்டியிருந்தது. இந்தக் கதவைத் திறந்த அதே டூயி பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டவர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதன் பொருட்டு 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது.

அந்தப் பள்ளியில் கையெழுத்தும் ஒரு பாடம். சாயாமல், கூட்டெழுத்தில்லாமல், எல்லா நூலகர்களும் ஒன்றுபோல எழுதுவதற்கு ஒரு தனி எழுத்து முறையே இருந்தது. வாசிக்க முடியாத அட்டையால் அந்த நூலே தொலைந்துபோகும் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் டூயியின் பகுப்பு முறை வந்த அதே 1876இல் சார்லஸ் அம்மி கட்டர் என்ற நூலகர், பட்டியல் எதற்காக என்ற கேள்விக்கு விடை எழுதினார். ஆசிரியரோ தலைப்போ பொருளோ, ஏதாவது ஒன்று தெரிந்த வாசகருக்கு நூல் அகப்பட வேண்டும். ஒரு ஆசிரியரின் நூல்களில், ஒரு பொருளைப் பற்றிய நூல்களில் எவையெல்லாம் இங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். பலவற்றில் தனக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க அட்டை உதவ வேண்டும். பட்டியல் எழுதுகிறவரின் சௌகரியத்தைவிட வாசகரின் சௌகரியம் பெரிது என்பது அவர் வகுத்த நெறி. நூலகர் கல்வி அன்று முதல் இன்றுவரை இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது: கைக்குப் பழகும் வேலை ஒரு பக்கம், வாசகரின் மனத்தை அறிவது மறுபக்கம். 1923இல் கார்னகி அறக்கட்டளைக்காகச் சார்லஸ் வில்லியம்சன் அளித்த அறிக்கை இந்த இரண்டையும் கலக்காதீர்கள் என்றது. எழுத்தர் வேலை வேறு, நூலகரின் தொழிலறிவு வேறு. பின்னதற்குப் பல்கலைக்கழகக் கல்வி வேண்டும் என்று வாதாடியது.

அதற்குள் கையெழுத்துக்கே அவசியம் குறைந்துவிட்டது. 1901 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அச்சிட்ட அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. ஒருவர் நன்றாக எழுதினால் ஆயிரம் நூலகங்களுக்குப் பயன். ஒருவர் தவறாக எழுதினால் அந்தத் தவறும் ஆயிரம் இழுப்பறைகளுக்குப் போகும்.

இந்தியாவுக்கு அட்டை ஆசிரியர்களோடு வந்தது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் 1910இல் வில்லியம் போர்டன் என்ற அமெரிக்கரை வரவழைத்து, அடுத்த ஆண்டே பயிற்சி வகுப்பு நடத்தினார். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கு 1915இல் ஏசா டான் டிக்கின்சன் வந்தார். ஆனால் அட்டையை வாங்கிக்கொண்டதோடு நில்லாமல் அதைத் திருப்பிக் கேள்வி கேட்ட இடம் சென்னை.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். நூலகத்தின் வெறுமையைத் தாங்க முடியாமல் ஒரு வாரத்துக்குள் பழைய வேலைக்கே போகிறேன் என்று கேட்டார். இங்கிலாந்து சென்று படித்துவிட்டு வாருங்கள், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொன்னார்கள். லண்டனில் குரோய்டன் நூலகர் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வழிகாட்டினார். ஒரே மாதிரி அட்டைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு விதமாக இயங்குவதைப் பார்த்த கணித ஆசிரியருக்கு, இதற்கெல்லாம் அடியில் விதி ஏதும் இல்லையா என்ற கேள்வி எழுந்தது. 1925இல் திரும்பி வந்தவர் மீண்டும் கணிதத்துக்குப் போகவில்லை. 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றது. அதே ஆண்டு நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் வகுத்த நூல் வந்தது. 1933இல் கோலன் பகுப்பு முறையும் 1934இல் பட்டியலாக்க விதிகளும் வெளிவந்தன.

அட்டைக்கு அவர் செய்தவற்றுள் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பொருள் தலைப்புகளைத் தேர்வது அதுவரை பட்டியலாளரின் அனுபவத்தையும் மனப்போக்கையும் பொறுத்திருந்தது. ரங்கநாதன் சங்கிலி முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நெற்பயிர் நோய் பற்றி ஒரு நூல் வருகிறது. அதன் பகுப்பு எண்ணில் வேளாண்மை, நெல், நோய் என்ற மூன்று கண்ணிகள் இருக்கின்றன. கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி வந்து, நெல்லின் நோய் என்று ஒரு அட்டை, வேளாண்மையில் நெல் என்று ஒரு அட்டை, வேளாண்மை என்று ஒரு அட்டை. எந்தக் கண்ணியைப் பிடித்து வாசகர் வந்தாலும் நூல் இருக்கும் இடத்துக்கு வந்து சேருவார். பொதுவான சொல்லோடு வருகிற புதியவரும் நுணுக்கமான சொல்லோடு வருகிற ஆய்வாளரும் ஒரே இழுப்பறையில் வழி காண்பார்கள். 1950இல் பிரிட்டிஷ் தேசிய நூற்றொகை தொடங்கியபோது தன் பொருளகராதிக்குச் சங்கிலி முறையையே எடுத்துக்கொண்டது. லண்டனில் கற்கப் போனவரின் முறையை லண்டன் கற்றது.

தமிழ்ப் பெயர்களின் முன்னால் அட்டை தடுமாறிய கதையும் உண்டு. மேலை நாட்டு விதி, பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு அதை முன்னால் போடும். உ. வே. சாமிநாத ஐயரை அந்த விதிப்படி எழுதினால் 'ஐயர்' இழுப்பறையில் மற்ற எல்லா ஐயர்களோடும் போய் உட்காருவார். ரங்கநாதன் பெயரிலேயே ஊர் இருக்கிறது, தந்தை பெயர் இருக்கிறது, குடும்பப் பெயர் இல்லை. அவர் தம் விதிகளில் இந்தியப் பெயர்களுக்குத் தனி இடம் கொடுத்தார். 1961இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு, பல சொற்களாலான பெயரில் எந்தச் சொல்லை முதலில் வைப்பது என்பதை அந்த ஆசிரியரின் நாட்டு வழக்கைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. புனைபெயர்கள் வேறு. கல்கி என்று தேடுபவரும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடுபவரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். கல்கி என்ற பத்திரிகையைத் தேடுபவர் அங்கே போய்விடக் கூடாது. சுஜாதாவை ரங்கராஜனோடு இணைக்கும் 'காண்க' அட்டை, இரண்டு பெயரும் ஒருவரே என்று அறிந்த நூலகர் இருந்தால்தான் பிறக்கும்.

1962 முதல் அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவித் திட்டத்தில், கோதுமை விற்ற ரூபாயில் தமிழ் நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கப்பலேறின. அங்கே ரோமன் எழுத்துப் பெயர்ப்பு விதிப்படி நம் சகர வரிசை முழுவதும் 'சி' என்ற ஆங்கில எழுத்துக்குக் கீழே போயிற்று. சிலப்பதிகாரத்தை 'எஸ்' இழுப்பறையில் தேடியவருக்குக் கிடைத்திருக்காது. விதி தவறு என்று சொல்ல மாட்டேன். தமிழ் எழுத்துக்கு நேர்மையான விதி அது. ஆனால் வாசகர் காதால் கேட்ட ஒலியைப் பிடித்து வருவார் என்பதை விதி அறியாது. அதை அறிந்து 'எஸ்' இழுப்பறையில் ஒரு வழிகாட்டி அட்டை போட்டவரைத்தான் தேர்ந்த நூலகர் என்பேன். விதியை ஒப்பிப்பதில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் அதைச் செய்யாமல் போயிருக்கலாம்.

அட்டை எழுதுகிறவரின் பார்வை அட்டையில் படியும் என்பதும் மெல்லத் தெரியவந்தது. டூயி முறையில் சமயத்துக்கு ஒதுக்கிய 200களில் 220 முதல் 280 வரை கிறித்தவம். உலகின் மற்ற சமயங்கள் எல்லாம் 290க்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. இந்து சமயம் 294.5. காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் இனம், பாலினம், வர்க்கம் சார்ந்த சாய்வுகளை 1971இல் சான்ஃபோர்ட் பெர்மன் என்ற நூலகர் ஒரு நூல் முழுக்க எடுத்துக்காட்டினார். அவர் கோரிய மாற்றங்கள் பல, பிந்தியாவது நிறைவேறின. வந்த அட்டையை அப்படியே சொருகாமல், இது யார் நின்று பார்த்த பார்வை என்று கேட்டார் அவர். நூலகவியல் வகுப்புகளில் டூயி எண்களைக் கற்பிக்கும் அதே நாளில் இந்தக் கேள்வியையும் கற்பிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிறகு கணினி. ஹென்றியட் ஆவ்ரம் நூலகவியல் படித்தவர் இல்லை, நிரல் எழுதுபவர். 1965இல் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்து, அட்டையில் இருப்பது ஒவ்வொன்றும் என்ன, ஏன் அங்கே இருக்கிறது என்று பட்டியலாளர்களிடம் கேட்டுக் கேட்டு, கணினி வாசிக்கக்கூடிய 'மார்க்' வடிவத்தை உருவாக்கினார். கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டிருந்த காற்புள்ளியும் இடைவெளியும் கணினிக்காகப் பெயரிட்டுச் சொல்லப்பட்டன. 1971 ஆகஸ்டில் ஒஹாயோவில் ஓசிஎல்சி என்ற கூட்டமைப்பு இணைப்பு வழிப் பட்டியலைத் தொடங்கியது. முரணாகத் தோன்றலாம், அந்தக் கணினி முதலில் செய்த பெரிய வேலை அட்டை அச்சிடுவது. 1985இல் மட்டும் 13 கோடியே 10 லட்சம் அட்டைகள் அச்சாயின. 2015 அக்டோபர் 1 அன்று கடைசி அட்டைகள் அச்சாகி நின்றன. மொத்தம் 190 கோடி.

அட்டை ஓய்ந்தபோது அதன் உள்ளே இருந்த திறமை எங்கே போனது? இதற்கு விடை, அட்டை தழைத்திருந்த நாளிலேயே தெரியத் தொடங்கியிருந்தது. 1968இல் ராபர்ட் டெய்லர் ஒரு கட்டுரை எழுதினார். வாசகர் நூலகரிடம் கேட்கும் கேள்வி அவர் மனத்தில் இருக்கும் கேள்வி ஆகாது என்றார். முதலில் சொல்ல வராத ஒரு தவிப்பு. பிறகு மனத்துக்குள் ஒரு மங்கலான உரு. பிறகு வாக்கியமாகச் சொல்லக்கூடிய கேள்வி. கடைசியில், இங்கே எது கிடைக்கும் என்று எண்ணி, இழுப்பறைக்குள் அடங்கும்படி வெட்டிச் சுருக்கிய கேள்வி. நூலகரின் காதில் விழுவது இந்தக் கடைசி வடிவம்.

எந்தக் கிளை நூலகத்திலும் நடக்கக்கூடியது இது. ஒருவர் வந்து, "சார், சர்க்கரை வியாதிக்கு ஒரு புத்தகம் வேணும்" என்கிறார். அலமாரியைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. "யாருக்குங்கண்ணா, என்ன தெரியணும்?" என்று கேட்டால்தான், வீட்டுக்காரம்மாவுக்குப் போன வாரம் தெரியவந்தது, தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான், ஒரு கீரையைச் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறது, அது நிஜமா என்பது வெளியே வரும். முதல் கேள்விக்கு அட்டை போதும். இரண்டாவது கேள்விக்கு நூலகரும் வாசகரும் சேர்ந்து உழைக்க வேண்டும்.

அந்த உழைப்புக்குத் தகவல் அறிதிறன் என்று பெயர் வந்தது. 1974இல் பால் சுர்கோவ்ஸ்கி அமெரிக்க நூலக ஆணையத்துக்கு எழுதிய அறிக்கையில் அந்தச் சொல் தோன்றியது. அவர் தகவல் தொழில் நிறுவனங்களின் சங்கத் தலைவர். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு அதற்கு இலக்கணம் சொன்னது: தனக்குத் தகவல் தேவை என்று உணர்வது, தேடிக் கண்டடைவது, எடைபோடுவது, பயன்படுத்துவது. 2000இல் கல்லூரி நூலகங்களுக்கான சங்கம் 5 தரங்கள், 22 செயல் குறிகள் என்று பட்டியலிட்டது. பட்டியல் வந்ததும் எல்லாருக்கும் வசதியாயிற்று. தேர்வு வைக்கலாம், மதிப்பெண் போடலாம். 2016இல் அதே சங்கம் அந்தத் தரங்களைக் கைவிட்டு, ஆறு கருத்துகளைக் கொண்ட ஒரு சட்டகத்தை ஏற்றது. அதிகாரம் என்பது சூழலைப் பொறுத்து உருவாகிறது, ஆய்வு என்பது விசாரணை, அறிவு என்பது ஓர் உரையாடல் என்பன போன்ற கருத்துகள். பல நூலகர்கள் வருந்தினார்கள், அளக்க முடியாததை நிர்வாகத்திடம் எப்படிக் காட்டுவது என்று. அவர்கள் கவலை உண்மையானது. ஆனாலும் சங்கம் செய்தது சரி என்றே நினைக்கிறேன், காரணம் அட்டையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 10 வரலாற்றறிஞர்கள், 10 செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்களை இணையதளங்களின் முன் உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பெரிய சங்கத்தினுடையது. மற்றது அதிலிருந்து 2002இல் பிரிந்து, ஏறக்குறைய அதே பெயரை வைத்துக்கொண்ட சிறு குழுவினுடையது. மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறு குழுவே நம்பத்தக்கது என்றார்கள். வரலாற்றறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். அவர்கள் பக்கத்தை உன்னிப்பாக வாசித்தார்கள். சின்னம், மொழிநடை, மேற்கோள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சரிபார்ப்பாளர்களோ தளத்தில் நிற்கவே இல்லை. வேறு சன்னல்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். சில நிமிடங்களில் உண்மை தெரிந்தது. நூலகங்களே விநியோகித்த சரிபார்ப்புப் பட்டியல்களில் பல, அந்தப் பக்கத்துக்குள்ளேயே உற்றுப் பார்க்கச் சொன்னவை.

நூலட்டை செய்துவந்தது சரிபார்ப்பாளர் செய்ததைத்தான். அது நூலுக்கு வெளியே நின்று நூலைப் பற்றிப் பேசியது. யார் எழுதியது, அவருக்கு வேறு என்ன பெயர், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு, இதே பொருளில் வேறு எவை, மேலும் எதைக் காண்க. எழுதியது நூலாசிரியரும் இல்லை, பதிப்பகமும் இல்லை. கைபேசியில் வரும் செய்திக்கு அப்படி மூன்றாமவர் எழுதிய அட்டை எதுவும் கூட வருவதில்லை. பட்டியலாளர் நமக்காகச் செய்துவந்ததை இன்று வாசகரே தன் மனத்தில் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. திறமை கையெழுத்திலிருந்து விதிக்கும், விதியிலிருந்து நிரலுக்கும் போய், இப்போது வாசகரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கற்றுக்கொடுப்பது நூலகரின் தொழிலாகிவிட்டது. கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் நூலகர் கல்வி அவருக்கு முதலில் அதைத் தந்திருக்க வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்களின் நூலகவியல் பாடத்திட்டங்களில் தகவல் அறிதிறன் இப்போது ஒரு தாளாகவோ ஓர் அலகாகவோ இடம்பெறுகிறது. இலக்கணங்களையும் ஆண்டுகளையும் எழுதி அந்தத் தாளில் தேறிவிடலாம். நான் கேட்பது வேறு. செய்முறைத் தேர்வில் ஐந்து நூல்களுக்குப் பகுப்பு எண் போடச் சொல்லும்போதே, சர்க்கரை வியாதிக்குப் புத்தகம் கேட்ட அந்த மனிதரையும் மாணவர் முன் உட்காரவைக்கலாம். மாணவர் என்ன கேட்டார், கேள்வி எப்படி மாறியது, எங்கெங்கே தேடினார், எதை நம்பினார், எதைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார், எப்போது மருத்துவரிடம் போகச் சொன்னார் என்பதற்கு மதிப்பெண் தரலாம்.

நம் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வருகைப் பதிவேடு இருக்கிறது, நூல் வழங்கல் பதிவேடு இருக்கிறது. வாசகர் கொண்டுவந்த கேள்வியை எழுத ஒரு பதிவேடு வைக்கலாம்: பெயர் வேண்டாம், கேள்வி மட்டும், விடை எங்கே கிடைத்தது அல்லது ஏன் கிடைக்கவில்லை என்ற ஒரு வரி. நீட் கட்டணம், பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வீடியோவில் வந்த மருந்து என்று என்னவெல்லாமோ வரும். ஒரு மாவட்டத்தில் ஓராண்டு இப்படி எழுதினால், அந்த மாவட்டத்து நூலகர்களுக்கான அடுத்த ஆண்டுப் பயிற்சிக்குப் பாடம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.